டைம் ட்ரையல் சைக்கிளை அன்றாட ரோடு சைக்கிளாக மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டி ஒன்றிரண்டு முடித்துவிட்டு ஆர்வம் அடங்கியவர்கள் விற்கும் டைம் ட்ரையல் (தனியாளாக நேரத்தோடு போட்டியிடும் பந்தயம், சுருக்கமாக டிடி) சைக்கிள்கள் இப்போது பழைய சைக்கிள் சந்தைக்கு அடிக்கடி வருகின்றன. கோவாவில் 2019-இல் அயர்ன்மேன் 70.3 ட்ரையத்லான் தொடங்கிய பிறகு, அதன் 90 கி.மீ. சைக்கிள் கட்டத்துக்காகவே டிடி சைக்கிள் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். போட்டி முடிந்ததும் அது டிரெயினரில் (வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் தாங்கி) மாட்டியபடி நிற்கும், இல்லையென்றால் சுவரில் தொங்கும். அதே தரமுள்ள கார்பன் ரோடு சைக்கிள் வாங்கப் போனால் விலை எங்கேயோ இருக்கிறது. "ஹேண்டில்பாரை மட்டும் மாத்திட்டா ரோடு சைக்கிள் தானே அண்ணா?" என்று தம்பிகள் கேட்பது அதனால்தான்.

நானும் முதலில் அப்படி நம்பித்தான் இறங்கினேன். டிராப் பார் (முனைகள் கீழ்நோக்கி வளைந்த ரோடு ஹேண்டில்பார்), கியரும் பிரேக்கும் சேர்ந்த புது லீவர், பார் டேப் எல்லாம் வாங்கி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாட்டிவிட்டேன். பார்க்க அசல் ரோடு சைக்கிள். அடுத்த வாரம் சென்னை திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கிளம்பி, மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. கழுத்தைத் தூக்கி முன்னால் பார்க்க முடியவில்லை. வேகத்தடை ஒவ்வொன்றிலும் உள்ளங்கையில் அடி விழுந்தது. பாகங்களில் எந்தக் கோளாறும் இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடம்தான் தப்பு.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை வழக்கத்துக்குத் தலைகீழாக இருக்கும். முதலில் சேடில் (இருக்கை), பிறகுதான் ஹேண்டில்பார். சேடில் பின்னால் போகுமா என்று தெரியும்வரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

உடம்பு எங்கே இருக்கிறது, எங்கே இருக்க வேண்டும்

1989 டூர் தெ பிரான்சின் கடைசி நாள், வெர்சாய்லிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. டைம் ட்ரையல். 50 வினாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட் ஏரோபாரில் (முன்னால் நீளும் கம்பிகளும் முழங்கைப் பட்டைகளும் சேர்ந்தது) முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டினார். ஏரோபார் இல்லாத சாதாரண டைம் ட்ரையல் பாரில் ஓட்டிய லோரான் ஃபினோனை முந்தி, 8 வினாடி வித்தியாசத்தில் டூரையே வென்றார். அன்றைக்குப் பிறகு டைம் ட்ரையலில் ஏரோபார் இல்லாமல் ஆளைப் பார்க்க முடியவில்லை, ஃபிரேம்களும் அந்தக் குனிவுக்கு ஏற்றபடி வளர்ந்தன.

அவ்வளவு கீழே குனிந்தால் தொடை வயிற்றில் முட்டும். அதைத் தவிர்க்க, பெடல் சுழலும் அச்சை நடுவாக வைத்து ஆளையே கடிகார முள் போல முன்பக்கம் சாய்த்துவிட்டார்கள். ரோடு சைக்கிளில் சீட் டியூப் (சேடிலுக்குக் கீழே ஃபிரேமில் நிற்கும் குழாய்) கோணம் 72 முதல் 74 டிகிரி வரை இருக்கும். டிடி சைக்கிளில் அது 76-இல் தொடங்கி 80-ஐத் தொடும். உடம்பின் பாரம் முன்னால் விழுகிறது, அதை முழங்கை எலும்பு தாங்குகிறது. ஏரோபாரைக் கழற்றிவிட்டு டிராப் பார் போட்டால் அதே பாரத்தை உள்ளங்கை தாங்க வேண்டும். என் விரல்கள் மரத்ததற்குக் காரணம் இதுதான். அன்றாட ஓட்டத்துக்கு அந்தக் கடிகார முள்ளைத் திரும்பப் பின்பக்கம் சாய்க்க வேண்டும்.

எவ்வளவு? சேடில் உயரம் 72 செ.மீ. என்று வையுங்கள். 78 டிகிரியிலிருந்து 74 டிகிரிக்கு வர சேடில் ஏறக்குறைய 5 செ.மீ. பின்னால் போக வேண்டும். ஒரு டிகிரிக்கு சுமார் 12 மி.மீ. என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழு 5 செ.மீ. பல ஃபிரேம்களில் கிடைக்காது. 3 செ.மீ. கிடைத்தாலே வித்தியாசம் கையில் தெரியும். 2-க்கும் குறைவாகத்தான் கிடைக்கும் என்றால், அந்த ஃபிரேமை விற்றுவிட்டு ரோடு ஃபிரேம் வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை.

படி 1: காசு எடுக்கும் முன் ஃபிரேமைச் சோதியுங்கள்

சீட்போஸ்ட் (சேடிலைத் தாங்கும் கம்பம்) வட்டமா, தட்டையா? 27.2 மி.மீ. வட்டப் போஸ்ட் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 25 மி.மீ. பின்தள்ளல் உள்ள போஸ்ட் எந்த நல்ல கடையிலும் கிடைக்கும். தட்டையான ஏரோ போஸ்ட் என்றால் அதன் தலையைப் பாருங்கள். சேடிலைப் பிடிக்கும் கிளாம்ப்பைத் திருப்பி மாட்டவோ, முன்துளையிலிருந்து பின்துளைக்கு மாற்றவோ பல மாடல்களில் வழி உண்டு. அந்த ஃபிரேமுக்கென்றே நேரான போஸ்ட், பின்தள்ளிய போஸ்ட் என்று இரண்டு வகை விற்ற கம்பெனிகளும் உண்டு.

அடுத்து ஃபோர்க்கின் ஸ்டியரர், அதாவது ஃபோர்க்கிலிருந்து மேலே வரும் குழாய். அதோடு ஹேண்டில்பாரை இணைக்கும் ஸ்டெம்மின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். டிடி ஓட்டிகள் பாரைத் தாழ்வாக வைக்க ஸ்டியரரை ஒட்ட வெட்டியிருப்பார்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. ஸ்டெம்முக்குக் கீழே எத்தனை மி.மீ. ஸ்பேசர் (உயரம் கூட்டும் வளையங்கள்) இருக்கிறது என்று எண்ணுங்கள், உங்களிடம் உள்ள உயரம் அவ்வளவுதான். ஸ்டியரர் வழக்கமான 1⅛ அங்குலமா என்பதையும் பாருங்கள். ஸ்டெம்மும் பாரும் ஃபிரேமோடு ஒரே வார்ப்பாக வரும் நவீன ட்ரையத்லான் சைக்கிள்களை மாற்ற முயல வேண்டாம், வெளிப் பாகம் எதுவும் அவற்றில் பொருந்தாது. பழைய செர்வேலோ பி2 மாதிரி, வழக்கமான ஸ்டெம்மும் சாதாரண காலிப்பர் (ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும்) பிரேக்கும் மாட்டக்கூடிய ஃபிரேம்தான் இந்த வேலைக்கு உகந்தது.

மூன்றாவது, வியர்வை. இதை யாரும் சொல்வதில்லை. டிரெயினரில் மாதக்கணக்கில் ஓட்டிய சைக்கிளில் வியர்வையும் இனிப்பு பானமும் பார் மீதும் ஹெட்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) மீதும் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். நண்பர் ஒருவர் வாங்கிய சைக்கிளில் பேஸ் பாரின் (ஏரோபார் மாட்டியிருக்கும் குறுக்கு ஹேண்டில்பார்) டேப்பை நான் உரித்தபோது உள்பக்கம் ஈரமாக ஒட்டியது. அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. துணியால் துடைத்தால் அடியில் அம்மைத் தழும்பு போலக் குழிகள், ஒன்றில் நகம் இறங்கியது. ஸ்டெம் போல்ட்டுகளில் இரண்டு துருவேறி, அலன் கீயைப் போட்டதும் தலை மழுங்கிவிட்டது. அந்த பார் ஒருநாள் ஓட்டத்தில் கையோடு வந்திருக்கும். ஆகவே டேப்பை உரித்துப் பாருங்கள், ஸ்டெம் போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நின்றால் ஹெட்செட் பேரிங் போய்விட்டது.

படி 2: அளந்து எழுதுங்கள்

கொத்தனாரின் தூக்குக்குண்டும் ரசமட்டமும் போதும். சைக்கிளைச் சமதரையில் நேராக நிறுத்தி, சேடில் மூக்கிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். நூலுக்கும் கிராங்க் அச்சின் (பெடல் சுழலும் அச்சு) நடுவுக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். டிடி சைக்கிளில் நூல் அச்சுக்கு நேராகவோ, முன்னாலோகூட விழலாம்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. டிடி சேடில்கள் பல மூக்கு குட்டையானவை. மூக்கை வைத்து அளந்தால் இருக்கும் இடத்தைவிடப் பின்னால் இருப்பதாகத் தோன்றும். சேடில் 80 மி.மீ. அகலமாகும் இடத்தில் மேல்பக்கம் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து தூக்குக்குண்டு விடுங்கள். எந்தச் சேடிலையும் எந்தச் சேடிலோடும் ஒப்பிட அதுதான் நம்பகமான புள்ளி.

இதோடு கிராங்க் அச்சிலிருந்து சேடில் மேல்பகுதி வரை உள்ள உயரம், சேடிலிலிருந்து பாருக்கான தூரம், சேடிலைவிட பார் எத்தனை செ.மீ. தாழ்ந்திருக்கிறது, இந்த மூன்றும். உங்களிடம் ஏற்கெனவே உடம்புக்கு ஒத்துப்போன ஒரு சாதாரண ரோடு சைக்கிள் இருந்தால், அதையும் இப்படியே அளந்து பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் போக வேண்டிய ஊர் அதுதான்.

படி 3: சேடிலைப் பின்னால் கொண்டுபோங்கள்

கிளாம்ப்பை அதன் பின்நிலைக்கு மாற்றி, சேடிலையும் அதன் தண்டவாளத்தில் (அடியிலுள்ள இரட்டைக் கம்பி) பின்னால் தள்ளுங்கள். தண்டவாளத்தில் அச்சிட்ட எல்லைக் கோட்டைத் தாண்டிப் பிடிக்கக் கூடாது, வளைவில் பிடித்தால் முறிந்துவிடும். உலோகத் தண்டவாளம் 7 மி.மீ. வட்டம். கார்பன் என்றால் பெரும்பாலும் 7-க்கு 9 மி.மீ. நீள்வட்டம். இரண்டுக்கும் கிளாம்ப் வேறு.

மூக்கு பிளந்த, முன்பக்கம் அகன்ற ட்ரையத்லான் சேடில் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அது இடுப்பெலும்பை முன்னால் உருட்டி நுனியில் உட்காருவதற்காகச் செய்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் தொடையின் உள்பக்கம் உரசும்.

பின்னால் போகப் போக சேடில் பெடலை விட்டு விலகுகிறது. 72 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. பின்னால் போனால் தூரம் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் கூடுகிறது, 3 செ.மீ.க்கு 6, 7 மி.மீ. அந்த அளவுக்குச் சேடிலை இறக்குங்கள். கார்பன் போஸ்ட்டில் கார்பன் பேஸ்ட் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம், வழுக்கும். குறைந்தபட்சச் செருகல் கோடு வெளியே தெரியாதபடி பாருங்கள்.

பழைய பாரோடே டிரெயினரில் மாட்டி, பேஸ் பாரைப் பிடித்தபடி பத்து நிமிடம் மிதமாக மிதியுங்கள். பிறகு கையை பாரிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். உடம்பு அப்படியே முன்னால் விழப் போனால் சேடில் இன்னும் பின்னால் போக வேண்டும். இரண்டு மூன்று சுற்று மிதிக்கும்வரை வயிற்றை இறுக்கித் தாங்க முடிந்தால் சேடில் இடம் சரி. இந்தச் சோதனையில் ஃபிரேம் தேறினால் மட்டும் கடைக்குப் போங்கள்.

படி 4: ஸ்டெம்மும் பாரும்

சேடில் பின்னால் போன அளவு பார் தூரமாகிவிட்டது. அதோடு டிராப் பாரின் முன்நீட்டமும் பிரேக் லீவர் ஹூட்டின் (கை ஊன்றும் ரப்பர் உறைப் பகுதி) நீளமும் சேர்கின்றன. போதாததற்கு டிடி ஃபிரேமே ரோடு ஃபிரேமைவிட நீளம் அதிகம், முன்பக்கம் தாழ்வு. மூன்றையும் சமாளிக்க இரண்டு வழிகள்: முன்நீட்டம் 70 முதல் 75 மி.மீ. உள்ள காம்பாக்ட் டிராப் பார், மேல்நோக்கிய குட்டை ஸ்டெம்.

ஸ்டெம் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் இலவசமாக உயரம் கிடைக்கிறது. டிடி சைக்கிளில் பெரும்பாலும் மைனஸ் 17 டிகிரி ஸ்டெம் இருக்கும். ஹெட் டியூப் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) கோணம் 73 என்றால் அது தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். 100 மி.மீ. நீளமுள்ள அந்த ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் பார் 56 மி.மீ. உயரும், 17 மி.மீ. கிட்டே வரும். புது ஸ்டெம் வாங்காமலே! 6 டிகிரி ஸ்டெம் என்றால் திருப்பும்போது 20 மி.மீ. உயர்வும் 6 மி.மீ. நெருக்கமும்தான். எனக்குக் கடைசியில் 80 மி.மீ., பிளஸ் 17 டிகிரி ஸ்டெம் பொருந்தியது. பார்க்க அழகில்லை என்று சிலர் சொல்வார்கள். 100 கி.மீ. போய் வந்தபின் கழுத்து வலிக்கவில்லை, எனக்கு அது போதும்.

70 மி.மீ.க்கும் குட்டையான ஸ்டெம்மை நான் பரிந்துரைக்கமாட்டேன். டிடி ஃபிரேமில் முன்சக்கரம் ரோடு சைக்கிளைவிடத் தள்ளி இருக்கும். உங்கள் எடையும் பின்னால் போய்விட்டதால் முன்சக்கரத்தில் பாரம் குறைகிறது. அதன்மேல் மிகக் குட்டை ஸ்டெம்மும் சேர்ந்தால், ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் அலையும்.

ஸ்பேசர் அடுக்கும்போது கார்பன் ஸ்டியரருக்குக் கம்பெனி சொன்ன உச்ச அளவைத் தாண்டாதீர்கள். ஸ்டியரர் குட்டையாக வெட்டப்பட்டிருந்தால், அதன்மேல் மாட்டி உயரத்தைக் கூட்டும் நீட்டிகள் விற்கிறார்கள். கார்பன் ஸ்டியரரில் நான் அதைப் போடமாட்டேன். பாரின் கிளாம்ப் விட்டம் 31.8 மி.மீ.யா, பழைய 26-ஆ என்று பார்த்து வாங்குங்கள். ஸ்டெம் போல்ட்டுகளை அதில் அச்சிட்ட அளவுக்கே இறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பனில் கை வைக்காதீர்கள்.

ஏரோ எக்ஸ்டென்ஷனை (ஏரோபாரின் முன்நீளும் கம்பிகள்) வைத்துக்கொள்ளலாமா? அன்றாட ஓட்டத்துக்கு வேண்டாம். அதில் குனிந்திருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது. நாய் குறுக்கே வரும் சாலையில், ஆட்டோ சட்டென்று இடதுபக்கம் ஒடிக்கும் சாலையில், விரல் எப்போதும் லீவர் மேல் இருக்க வேண்டும். கூட்டமாகக் கிளம்பும் ரோடு பந்தயங்களில் சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யுசிஐ ஏரோபாரைத் தடை செய்திருப்பதும் சும்மா இல்லை.

படி 5: கியர் மாற்றும் வழி

செலவின் பெரும்பகுதி இங்கேதான். மூன்று பாதைகள் உண்டு.

மலிவான பாதை பலருக்குத் தெரியாது. எக்ஸ்டென்ஷன் முனையில் இருந்த பார்-எண்ட் ஷிஃப்டர்களை (கியர் மாற்றும் குட்டி லீவர்கள்) கழற்றி, டிராப் பாரின் கீழ் முனைகளில் செருகிவிடலாம். முதலில் அவை டிராப் பாருக்காக வந்தவைதான், நெடுந்தூரப் பயண சைக்கிள்களில் இன்றும் அப்படித்தான் இருக்கின்றன. பிரேக்குக்கு டெக்ட்ரோ ஆர்எல்340 மாதிரி தனி ரோடு பிரேக் லீவர் போதும். டெரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பாகம்), கேசட் (பின்பல் அடுக்கு), செயின் எதையும் தொட வேண்டாம், பழைய இணக்கம் அப்படியே இருக்கும். அலுமினிய பாராகப் பாருங்கள். கார்பன் பாருக்குள் விரிந்து பிடிக்கும் ஷிஃப்டரைப் போட பல கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. குறை என்னவென்றால், கியர் மாற்றக் கையைக் கீழே கொண்டுபோக வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊருக்குள் இது சலிக்கும். திறந்த சாலையில் எனக்குக் குறையாகவே படவில்லை.

இரண்டாவது பாதை, பிரேக்கும் கியரும் சேர்ந்த ரோடு லீவர். இங்கே இணக்கம் பார்க்காமல் வாங்கிக் காசைக் கரியாக்கியவர்கள் உண்டு. ஷிமானோவில், மிகப் பழைய டூரா ஏஸைத் தவிர, 8, 9, 10 வேக (பின்பல்சக்கரங்களின் எண்ணிக்கை) ரோடு பின் டெரெய்லர்களுக்கு ஒரே கேபிள் இழுப்பு, அதாவது கேபிள் நகர்வுக்கு டெரெய்லர் நகரும் விகிதம். 11 வேகத்தில் அது மாறிவிட்டது. 10 வேகமாக இருந்தும் டியாக்ரா 4700 மட்டும் 11 வேகத்தின் இழுப்பைச் சேர்ந்தது. ஆகவே பழைய 10 வேக டெரெய்லரோடு 4700 லீவரைப் போட்டால் கியர் ஒருபோதும் சரியாக விழாது. ஷிமானோ லீவரோடு ஸ்ராம் டெரெய்லர் என்று கலக்கவும் வேண்டாம். எந்த வேகம், எந்த மாடல் எண் என்று டெரெய்லரின் பின்பக்கம் பார்த்து எழுதிக்கொண்டு வாங்கப் போங்கள்.

மூன்றாவது, சைக்கிளில் ஏற்கெனவே ஷிமானோவின் மின்சார கியரான டிஐ2 இருந்தால், அதே தலைமுறை ரோடு லீவரைச் செருகிவிட்டால் கேபிள் இழுப்புக் கவலையே இல்லை.

கேபிள் இழுப்பது பற்றி ஒரு வார்த்தை. டிடி ஃபிரேமில் கேபிள் குழாய்க்குள் ஓடும். பழைய கேபிளை அவசரப்பட்டு உருவிவிட்டால், புதியதை மறுமுனைத் துளைக்குக் கொண்டுவர அரைநாள் போகும். உருவும் முன் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குழாயை அந்தக் கேபிள் மேலேயே ஒரு முனையில் ஏற்றி, மறுமுனையில் எட்டிப் பார்க்கும்வரை தள்ளுங்கள். பிறகு கேபிளை உருவினாலும் உறை உள்ளே வழிகாட்டியாக நிற்கும். புதுக் கேபிளை அதற்குள் விட்டால் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்து நிற்கும், அதன்பின் உறையை உருவிவிடுங்கள். டிராப் பாருக்கு வெளி உறை முன்னைவிட நீளமாக வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, இழுபடாத அளவுக்கு வெட்டுங்கள். கியர் உறையை ஒருபோதும் பிரேக்குக்குப் போடாதீர்கள். அதில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன, பிரேக்கின் இழுவையில் பிளந்துகொள்ளும். இழுவையைச் சரிசெய்யும் திருகு பல டிடி ஃபிரேம்களில் இருக்காது. உறையின் நடுவில் மாட்டும் திருகை இப்போதே வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.

படி 6: பிரேக்

வழக்கமான காலிப்பர் என்றால் புது பிரேக் ஷூ, புதுக் கேபிள், முடிந்தது. பின்பிரேக் கிராங்குக்கு அடியில் ஒளிந்திருந்தால் யோசிக்க வேண்டும். டயர் வாரியடிக்கும் மணலும் மழைநீரும் நேராக அதில்தான் விழும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் ஓட்டினால் வாரம் ஒருமுறை கழுவி எண்ணெய் விட வேண்டியிருக்கும். ஃபிரேமில் சீட் ஸ்டே (சேடிலின் கீழிருந்து பின்சக்கர அச்சுக்கு வரும் குழாய்கள்) பக்கம் காலிப்பர் மாட்டத் துளை இருந்தால் அங்கே மாற்றிவிடுங்கள்.

வி-பிரேக் வகையாக இருந்தால் கையின் நீளத்தை அளங்கள். மவுண்டன் பைக் வி-பிரேக்கின் நீளக் கை ரோடு லீவருக்கு ஒத்துவராது, லீவர் பாரில் போய் முட்டும். 80 முதல் 90 மி.மீ. கை உள்ள மினி வி-பிரேக் ஒத்துவரும்.

கார்பன் ரிம்மிலிருந்து அலுமினிய ரிம்முக்கு மாறினால் ஷூவையும் மாற்றியே ஆக வேண்டும். ரிம் அகலமும் மாறியிருக்கும், காலிப்பரைத் திரும்ப நடுவில் நிறுத்துங்கள்.

படி 7: பல்சக்கரம்

டிடி சைக்கிளில் முன்னால் 53/39 பல், பின்னால் 11-23 பல் என்று இருப்பது சகஜம். மிக இலகுவான கியர் 39-க்கு 23. ஒரு சுற்று மிதித்தால் ஏறக்குறைய 3.6 மீட்டர். 34-க்கு 28 என்றால் 2.5 மீட்டர். ஈசிஆரில் இந்த வித்தியாசம் தெரியாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் தெரியும், கொல்லிமலையின் 70 வளைவுகளில் முட்டி சொல்லும்.

முதலில் கேசட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள், அது சுலபம். டெரெய்லர் தாங்குமா என்பதற்குக் கணக்கு இது: முன்பல்சக்கரங்களின் பல் வித்தியாசத்தோடு பின்பல்சக்கரங்களின் பல் வித்தியாசத்தைக் கூட்டுங்கள். 50/34-உம் 11-28-உம் என்றால் 16 + 17 = 33. உங்கள் டெரெய்லரின் கொள்ளளவு அதற்குக் குறைவாக இருந்தால் நீளக் கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கும் கீழ்க்கை) உள்ளது வேண்டும்.

முன்பல்லைக் குறைப்பதற்கு கிராங்கின் போல்ட் வட்டத்தை (பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகள் அமைந்த வட்டம்) பாருங்கள். 130 மி.மீ. விட்டம் என்றால் 38 பல்லுக்குக் கீழே போகாது, கிராங்கையே மாற்ற வேண்டும். 110 என்றால் 34 வரை போகலாம். ஷிமானோ 2012-இல் டூரா ஏஸ் 9000-இல் கொண்டுவந்த நான்கு கை கிராங்கில் 53/39, 50/34 இரண்டுமே மாட்டலாம்.

இன்னொரு முட்டுக்கட்டை முன் டெரெய்லர். 53-இலிருந்து 50-க்கு வந்தால் பல்லின் உச்சி 6 மி.மீ. கீழே இறங்குகிறது, டெரெய்லரும் கூடவே இறங்க வேண்டும். பெரிய செயின்ரிங்குக்காக (முன்பல்சக்கரம்) செய்த டிடி ஃபிரேமில் அந்தத் தாங்கியின் காடி அவ்வளவு கீழே வராமல் போகலாம். வாங்கும் முன் காடியில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். இறங்காது என்றால் 52/36 நல்ல சமரசம், 2 மி.மீ. இறக்கினால் போதும்.

பெரிய பல் போட்டதும் பழைய செயின் நீளம் போதாது. டெரெய்லரைத் தொடாமல் பெரிய செயின்ரிங், பெரிய பின்பல் மேல் செயினைச் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள்.

படி 8: சக்கரமும் டயரும்

டிஸ்க் சக்கரம் (கம்பிகளுக்குப் பதிலாக முழுத் தட்டாக மூடியது), 80 மி.மீ. ஆழ ரிம் இவற்றைப் போட்டிக்கு எடுத்துவையுங்கள். முட்டுக்காடு பாலத்தில் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஆழமான முன்ரிம் பாய்மரம் மாதிரி இழுக்கும். 30 மி.மீ. அலுமினிய ரிம் அன்றாடத்துக்குப் போதும்.

டயர்தான் டிடி ஃபிரேமின் பலவீனம். சீட் டியூபின் பின்பக்கம் டயருக்கு ஒட்டி வெட்டியிருப்பார்கள், 23 மி.மீ. டயரை மனத்தில் வைத்து. 25 மி.மீ. நுழையுமா என்று பார்க்க, டயரைக் காற்றடித்து மாட்டிவிட்டு 4 மி.மீ. அலன் கீயை சீட் டியூபுக்கும் டயருக்கும் நடுவே விட்டு நகர்த்துங்கள். ஃபோர்க்கின் உச்சியிலும், இரண்டு பக்கச் செயின் ஸ்டேயிலும் (கிராங்கிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்கள்) அதே. எங்கும் உரசாமல் போனால் சரி. சக்கரம் பின்பக்கமாக உருவும் டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் காடி) உள்ள ஃபிரேமில், அதிலுள்ள சின்னத் திருகுகளை உள்ளே முறுக்கினால் சக்கரம் சில மி.மீ. பின்னால் போய் இடம் கிடைக்கும். ஆனால் பஞ்சரானால் சக்கரத்தை உருவும்போது செயின் வழிமறிக்கும். வீட்டில் மூன்று நான்கு முறை கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

70 கிலோ எடையுள்ள நான் 25 மி.மீ. டயரில் பின்னால் 85, முன்னால் 80 பிஎஸ்ஐ வைக்கிறேன். பழைய பழக்கத்தில் 120 அடிக்காதீர்கள், ஓட்டை ஒடிசல் சாலையில் சைக்கிள் துள்ளும், பிடிப்பு குறையும்.

ஏரோ போஸ்ட்டில் சாதாரண லைட் கிளாம்ப் நிற்காது. ரப்பர் பட்டையால் கட்டும் பின்விளக்கு வாங்குங்கள், பஞ்சர் பையும் பட்டை வகையாகவே இருக்கட்டும். மட்கார்டு போட வழியில்லை, முதுகில் சேறு அடிப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

படி 9: முதல் ஓட்டங்கள்

முதல் ஓட்டம் வீட்டுப் பக்கத்திலேயே 10 கி.மீ. அலன் கீ சட்டைப் பையில் இருக்கட்டும். வேகத்தடைகளில் வேண்டுமென்றே ஏறி இறங்குங்கள். பார் கீழ்நோக்கிச் சுழன்றதா, லீவர் நழுவியதா, சேடில் மூக்கு சாய்ந்ததா என்று பாருங்கள். போஸ்ட் ஃபிரேமில் நுழையும் இடத்தில் முன்கூட்டியே ஒரு டேப் ஒட்டி வையுங்கள், இறங்கினால் உடனே தெரியும். 50 கி.மீ. ஆனதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள். புதுக் கேபிள் உறைகள் அமுங்கி உட்காருவதால் கியர் தப்பும், நடுத்திருகை அரைச் சுற்று திருப்பினால் சரியாகும்.

பார் டேப்பை இந்த இரண்டு வாரமும் சுற்ற வேண்டாம். லீவரின் இடம் இன்னும் மாறும். கை மரத்தால் முதலில் சேடிலைப் பாருங்கள், இன்னும் பின்னால் போகுமா, மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்று. பிறகுதான் ஸ்டெம். முழங்காலின் பின்பக்கம் இழுத்தால் சேடில் உயரம் அதிகம், 3 மி.மீ. இறக்குங்கள். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கழற்றிய பேஸ் பார், எக்ஸ்டென்ஷன், முழங்கைப் பட்டை, பழைய ஸ்டெம், வெட்டாத நீளக் கேபிள்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, படி 2-இல் எழுதிய அளவுத் தாளையும் அதற்குள் வையுங்கள். நாளைக்கு நீங்களே மறுபடி போட்டிக்குப் போக நினைத்தாலும், ஃபிரேமை விற்க நேர்ந்தாலும் வருகிறவர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.